மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் செல்வோருக்கு: மகாபொல, பேசரி, கல்விக் கடன் பெறும் வழி

உயர்தரப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளியும் வெளியாகி, பிள்ளைக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்துவிட்டது என்று உறுதியானதுமே தோட்டத்து வீடுகளில் எழும் முதற் கேள்வி பணத்தைப் பற்றியதாகத்தான் இருக்கிறது. நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில், குடும்பத்தில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகப் படி ஏறும் மாணவர்களுக்காகவும் அவர்களுடைய பெற்றோருக்காகவும் இக்கட்டுரையை எழுதுகிறேன். பல்கலைக்கழக மாணவர்களுக்கு மகாபொல, பேசரி போன்ற உதவித்தொகைகள் இருக்கின்றன, ஆனால் பத்திரங்கள் சரியாக இல்லாததால் அவை கைநழுவிப் போவதும், முதல் தவணை வந்து சேரும்வரை தாக்குப்பிடிக்க முடியாமல் குடும்பம் கடனில் விழுவதுமே நம் பகுதியில் அதிகம் நடக்கின்றன. ஆகவே இவ்விரண்டையும் பற்றியே இங்கு விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஓர் அடிப்படை விடயம். அரச பல்கலைக்கழகங்களில் உள்வாரியாக இளமாணிப் பட்டம் பயிலும் நம் நாட்டு மாணவர்களிடம் கற்கைக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. இலவசக் கல்வி 1945இல் நாட்டில் நடைமுறைக்கு வந்தபோதிலும், தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி 1970களில்தான் பெருமளவில் தொடங்கியது என்பதால், அதன் பயன் நம்மை வந்தடையத் தாமதமானது. இன்றைக்கும் "கெம்பஸ் படிப்புக்கு லட்சக்கணக்கில் கட்ட வேண்டும்" என்று நம்பிப் பிள்ளையை வேலைக்கு அனுப்பிவிட நினைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களிடம் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: பதிவுக்கும் விடுதிக்கும் செலுத்த வேண்டிய தொகை சிறியது. சாப்பாடு, போக்குவரத்து, விடுதி கிடைக்காவிட்டால் அறை வாடகை, புத்தகம், பிரதி எடுக்கும் செலவு, பல பீடங்களில் மடிக்கணினி ஆகியவைதான் உண்மையான சுமை.

பெறுபேற்றுக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை

பரீட்சை எழுதி முடித்ததிலிருந்து பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்களைப் பத்திரங்களைச் சீர்செய்வதற்குப் பயன்படுத்துங்கள். உங்கள் பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம் ஆகியவற்றையும், தாய் தந்தையரின் அடையாள அட்டைகளையும் திருமணச் சான்றிதழையும் ஒரே மேசையில் பரப்பிவைத்து, பெயர்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் முருகையா என்றிருக்கும் தந்தையின் பெயர், அடையாள அட்டையில் முருகன் என்றும், தோட்டத்துச் செக்ரோலில் (வேலை, சம்பளப் பதிவேட்டில்) வேறொரு விதமாகவும் இருப்பது நம் பகுதியில் புதிதல்ல. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ காதால் கேட்டு எழுதப்பட்ட பெயர்கள் தலைமுறை தலைமுறையாக இப்படியே வந்துவிட்டன. சிறிய வேறுபாடாக இருந்தால் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி ஒன்று முடித்துக்கொள்வது பெரும்பாலும் போதுமானது. பிறப்புப் பதிவிலேயே பிழை இருந்தால் பிரதேச செயலகத்திலுள்ள பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும் என்பதால்தான் முன்கூட்டியே செய்யச் சொல்கிறேன்.

அடுத்து, உங்கள் பெயரில் இலங்கை வங்கியிலோ மக்கள் வங்கியிலோ ஒரு சேமிப்புக் கணக்கைத் திறந்து, அதை இயங்கு நிலையில் வைத்திருங்கள். பெற்றோரின் கணக்கோ, அண்ணனின் கணக்கோ உதவாது; உதவித்தொகை மாணவரின் பெயரிலுள்ள கணக்குக்கே வரும்.

முகவரி இன்னொரு சிக்கல். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) வாழும் பலருக்கு வீட்டு இலக்கமோ தெருப் பெயரோ இல்லை. தபால் தோட்ட ஆபிசுக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்தனுப்பப்பட்டுத்தான் வீட்டுக்கு வருகிறது. இப்படி வந்த நேர்முக அழைப்புக் கடிதங்களும் அனுமதிக் கடிதங்களும் நாள் கடந்து கிடைத்ததால் வாய்ப்பை இழந்தவர்கள் நம்மிடையே உண்டு. இப்போது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கான விண்ணப்பமும் பதிவும் இணையவழியில் நடைபெறுவதால், நீங்களே கையாளும் ஒரு மின்னஞ்சல் முகவரியையும், படிப்பு முடியும்வரை மாற்றாத ஒரு தொலைபேசி இலக்கத்தையும் கொடுங்கள். கடையில் விண்ணப்பம் நிரப்பித் தருபவரின் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். தபால் முகவரி கட்டாயம் தேவைப்படும் இடத்தில், உபதபால் நிலையத்துக்கு அருகில் வசிக்கும் நம்பகமான உறவினர் ஒருவரின் முகவரியை, அவரிடம் கேட்டுவிட்டுப் பயன்படுத்தலாம்.

வருமானச் சான்றிதழ்: எல்லாம் இதில்தான் தங்கியிருக்கிறது

மகாபொலவாக இருந்தாலும் பேசரியாக இருந்தாலும் தனியார் நிதியுதவியாக இருந்தாலும், குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைக் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்திப் பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட பத்திரம் கேட்கப்படும். தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் அதிகம் பாதிக்கப்படுவது இந்த இடத்தில்தான்.

காரணத்தை ஒரு கணக்கால் விளக்குகிறேன். 2024 செப்டெம்பரில் வெளியான வர்த்தமானியின்படி தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. இதை வைத்துக்கொண்டு, மாதம் 25 பேர் (சம்பளத்துக்குரியதாகப் பதியப்படும் வேலை நாட்கள்) விழும் என்று ஒருவர் பொதுவாகக் கணக்குப் போட்டால், தாயின் ஆண்டு வருமானம் 405,000 ரூபா என்று வரும். ஆனால் மழை, கொழுந்து குறைவான மாதங்கள், நிறை குறைந்ததால் விழும் அரைப் பேர், உடல்நலக் குறைவு எல்லாம் சேர்ந்து, அந்தத் தாய்க்கு மாதம் சராசரியாக 20 பேர்தான் விழுந்திருக்கிறது என்றால், உண்மை வருமானம் 324,000 ரூபா. இரண்டுக்குமிடையே 81,000 ரூபா வித்தியாசம். தந்தையும் தோட்டத்தில் பதிவுள்ளவராக இருந்தால் இந்த வித்தியாசம் இரட்டிப்பாகி, உதவி கிடைக்க வேண்டிய குடும்பம் காகிதத்தில் வசதியான குடும்பமாக மாறிவிடும்.

இதைத் தவிர்க்க ஒரே வழி, கையில் ஆதாரத்துடன் செல்வதுதான். கடந்த 12 மாதங்களுக்கான சம்பளச் சிட்டைகளைச் சேர்த்து வையுங்கள். அவை தொலைந்திருந்தால், செக்ரோலின்படி ஒவ்வொரு மாதமும் எத்தனை பேர் விழுந்தன, எவ்வளவு சம்பளம் வந்தது என்பதைக் காட்டும் கடிதமொன்றைத் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். தோட்டத் தலைவரையோ, ஆபிசில் வேலைசெய்யும் தெரிந்தவரையோ அழைத்துச் சென்றால் வேலை விரைவாக முடியும். சிட்டையில் ஊழியர் சேமலாப நிதிக்கான 8 வீதம், முற்பணம், தொழிற்சங்கச் சந்தா என்று பல கழிவுகள் இருக்கும். விண்ணப்பம் மொத்த வருமானத்தைக் கேட்கிறதா, கைக்கு வரும் தொகையைக் கேட்கிறதா என்பதை வாசித்து, கேட்டதையே எழுதுங்கள். கொழும்பில் கடையிலோ வீட்டு வேலையிலோ இருக்கும் அண்ணன் அக்காவின் வருமானத்தையும் கேட்டிருந்தால் மறைக்காதீர்கள். பொய்த் தகவல் பின்னர் தெரியவந்தால் உதவி நிறுத்தப்படும். பெற்ற தொகையைத் திருப்பிச் செலுத்தவும் நேரிடலாம்.

நுவரெலியா மாவட்டத்தவர்கள் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். முன்பு ஐந்தாக இருந்த பிரதேச செயலகப் பிரிவுகள் பத்தாக்கப்பட்டு, நோர்வூட், தலவாக்கலை போன்ற புதிய பிரிவுகள் உருவாகியுள்ளன. உங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவு இப்போது எந்தச் செயலகத்தின் கீழ் வருகிறது என்பதை அறிந்துகொண்டு செல்லுங்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரும் பெற்றோரைத் தவறான அலுவலகத்தின் வாசலில் நிறுத்த வேண்டாம். கிராம உத்தியோகத்தர் எந்த நாட்களில் அலுவலகத்தில் இருப்பார் என்பதையும் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். சிங்களத்தில் மட்டுமுள்ள படிவம் தரப்பட்டால் தமிழ்ப் படிவத்தைப் பணிவாகக் கேளுங்கள். அரச அலுவலகத்தில் தமிழில் கருமமாற்றுவது உங்கள் உரிமை. விளங்காத படிவத்தில் கையொப்பமிடுவதைவிட இன்னொரு நாள் வருவது நல்லது.

மகாபொலவும் பேசரியும்

மகாபொல உயர்கல்விப் புலமைப்பரிசில் நம்பிக்கை நிதியம், அப்போதைய வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலியின் முயற்சியால், 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் உருவாக்கப்பட்டது. அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் மாணவர்களில், உயர்ந்த இசட் புள்ளி பெற்ற ஒரு பகுதியினருக்குத் திறமை அடிப்படையிலும், ஏனையோருக்குக் குடும்ப வருமானத்தையும் பெறுபேற்றையும் வைத்தும் இது வழங்கப்படுகிறது. மகாபொல கிடைக்காதவர்களில் வசதி குறைந்தோருக்குப் பேசரி எனப்படும் உதவிப்பணம் கிடைக்கும். ஒரே மாணவர் இரண்டையும் சேர்த்துப் பெற முடியாது. இவை இரண்டும் கடனல்ல. திருப்பிச் செலுத்தத் தேவையில்லை.

2025ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொலவின் மாதத் தொகை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், பேசரி 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. இத்தொகை ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது என்பதால், நீங்கள் அனுமதி பெறும் ஆண்டுக்குரியதைப் பல்கலைக்கழகத்தில் கேட்டறியுங்கள். 7,500 ரூபா என்பது நாளொன்றுக்கு 250 ரூபா. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கே அது போதாது என்பதை இப்போதே மனத்திலிருத்தினால்தான் மற்ற வழிகளையும் நேரத்தோடு தேடுவீர்கள்.

விண்ணப்பிக்கும்போது, அனுமதிக் கடிதத்துடனும் பதிவு அறிவித்தலுடனும் வரும் மகாபொல, பேசரி தொடர்பான அறிவுறுத்தல்களை முழுவதும் வாசியுங்கள். பாடசாலையிலோ உயர்கல்வி நிறுவனத்திலோ படிக்கும் தம்பி தங்கைகள் இருந்தால், அதை உறுதிப்படுத்தும் கடிதங்களை அந்தந்த அதிபரிடம் பெற்று வைத்திருங்கள். தாயோ தந்தையோ இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், பெற்றோர் பிரிந்திருந்தால் அதற்குரிய உறுதிப்படுத்தல், நிரந்தர நோய் இருந்தால் வைத்தியச் சான்றிதழ் ஆகியவற்றையும் இணையுங்கள். குடும்பக் கஷ்டத்தைப் பற்றி எழுதக் கூச்சப்பட்டு அந்தப் பகுதியை வெற்றாக விட்டுவிடும் பிள்ளைகளை நான் அறிவேன். படிவத்தை மதிப்பிடுபவர் உங்களை நேரில் பார்ப்பதில்லை. எழுதப்படாதது அவருக்குத் தெரியவராது. அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்து, பதிவுத் தபால் பற்றுச்சீட்டுடன் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் பெயர் வரவில்லையென்றால் அத்துடன் விட்டுவிடக் கூடாது. பல்கலைக்கழகத்தின் மாணவர் நலச் சேவைகள் பிரிவுக்குச் சென்று, காரணம் என்ன என்று கேட்டு, மேன்முறையீட்டுக்கு வழியிருந்தால் எழுத்தில் விண்ணப்பியுங்கள். வருமானக் கணக்கில் நேர்ந்த தவறு, சம்பளச் சிட்டைகளுடன் விளக்கியபோது திருத்தப்பட்டதுண்டு.

கிடைத்த உதவி தொடர்வதற்கு வரவும் பரீட்சை முன்னேற்றமும் பார்க்கப்படும். வீட்டில் ஒரு கஷ்டமென்று சொல்லாமல் கொள்ளாமல் தோட்டத்துக்கு வந்து வாரக்கணக்கில் இருந்துவிட்டால், படிப்போடு பணமும் போகும். அவ்வாறான நேரத்தில் மாணவர் ஆலோசகரிடம் முன்கூட்டியே சொல்லி எழுத்தில் விடுப்புப் பெறுங்கள்.

முதல் மாதங்களைத் தாண்டுவது

பதிவு செய்த நாளிலிருந்து முதல் தவணை கணக்கில் விழும்வரை பல மாதங்கள் செல்லலாம். தவணைகள் தாமதமாகி, இரண்டு மூன்று சேர்ந்து வருவதும் வழக்கம். மலையகத்துப் பிள்ளைகள் பேராதனைக்கு மட்டுமன்றி யாழ்ப்பாணம், வந்தாறுமூலை, ஒலுவில், பெலிஹுல்ஓயா என்று தூர இடங்களுக்கும் செல்வதால், நினைத்தபோது வீட்டுக்கு வந்து அரிசியும் காசும் எடுத்துச் செல்ல எல்லோராலும் முடியாது. எனவே, உதவித்தொகை ஒரு சதமும் வராது என்று வைத்துக்கொண்டு, முதல் ஆறு மாதச் செலவைத் தனியாகக் கணக்கிடுங்கள். பதிவுக் கட்டணம், போய்வரும் பஸ் செலவு, பாய் தலையணை வாளி முதலிய விடுதிச் சாமான்கள், மாதச் சாப்பாடு, கைபேசி டேட்டா எனத் தனித்தனியாக எழுதினால்தான் தொகை தெரியும். உங்களுக்கு முன் அதே பீடத்துக்குச் சென்ற மலையக மாணவர் ஒருவரிடம் விலைகளைக் கேளுங்கள். அவர் சொல்லும் கணக்கே நம்பத்தக்கது.

அனுமதி கிடைத்தவுடன் விடுதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். வீட்டுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உள்ள தூரமும் வருமானமும் விடுதி ஒதுக்கீட்டில் பார்க்கப்படுவதால், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதில் நியாயமான வாய்ப்பு உண்டு. விடுதிக்கும் வெளியறைக்கும் உள்ள செலவு வித்தியாசம் பல வேளைகளில் மகாபொலத் தொகையைவிட அதிகம்.

அந்த ஆறு மாதத் தொகைக்கு, பெறுபேறு வரும்வரை உள்ள காலத்தில் பிள்ளை உழைக்கும் பணத்தையும், வீட்டில் பிடிக்கும் சீட்டையும் பயன்படுத்தலாம். பிள்ளை போகும் மாதத்தில் சீட்டு விழுமாறு முன்பே பேசி வைத்துக்கொள்ளும் தாய்மார்களின் திட்டமிடல் மிகச் சரியானது.

மலையக மாணவர்களுக்கென உள்ள வேறு உதவிகள்

இந்திய உயர்ஸ்தானிகராலயத்தால் நிர்வகிக்கப்படும் இலங்கை தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம், பெருந்தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு உயர்தர, பல்கலைக்கழகப் படிப்புக்கென உதவித்தொகை வழங்கிவருகிறது. பெற்றோர் தோட்டத் தொழிலாளி என்பதற்கான நிர்வாகக் கடிதம் இதற்கு முக்கியம். அறிவித்தல்கள் தமிழ் நாளிதழ்களில் வெளியாகும். கண்டியிலுள்ள உதவி உயர்ஸ்தானிகர் அலுவலகத்திலும் விசாரிக்கலாம். இந்தியாவிலேயே படிக்க விரும்புவோருக்கு நேரு நினைவுப் புலமைப்பரிசில், தகவல் தொழில்நுட்பத்துக்கான ராஜீவ் காந்தி புலமைப்பரிசில் ஆகியவை கட்டணத்தையும் மாதப் படியையும் தருகின்றன. மருத்துவப் படிப்பு இவற்றில் அடங்காது.

பெற்றோர் ஊழியர் நம்பிக்கை நிதியத்தில் அங்கத்தவராக இருப்பின், அங்கத்தவர் பிள்ளைகளுக்கான புலமைப்பரிசில்களைப் பற்றி அச்சபையில் கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதி வேறு. அதிலிருந்து ஓய்வுக்கு முன் 30 வீதம் வரை பெறும் வசதி வீட்டுத் தேவைக்கும் மருத்துவத்துக்குமே உரியது, படிப்புக்கு அல்ல. "பி.எப். காசை எடுத்துத் தருகிறேன்" என்று கையொப்பமும் தரகுப் பணமும் கேட்பவரை நம்ப வேண்டாம்.

இவை தவிர, பல்கலைக்கழகங்களின் பழைய மாணவர் சங்கங்கள், பாடசாலைப் பழைய மாணவர்கள், கோயில் பரிபாலன சபைகள், தொழிற்சங்கங்கள், வெளிநாட்டில் வாழும் நம்மவர்கள் என்று பலர் உதவுகிறார்கள். இவர்களிடம் கேட்கும்போது ஒரு பக்கத்தில், பெற்றோரின் தொழில், பெற்ற இசட் புள்ளி, தெரிவான துறை, கிடைத்துள்ள உதவி, மாதந்தோறும் குறையும் தொகை ஆகியவற்றைத் தெளிவாக எழுதிக் கொடுங்கள். "ஏதாவது உதவி செய்யுங்கள்" என்பதைவிட "மாதம் 6,000 ரூபா குறைகிறது" என்பது கொடுப்பவருக்கு முடிவெடுக்க எளிது.

அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கான வட்டியில்லாக் கடன்

அரச பல்கலைக்கழக அனுமதி கிடைக்காத, ஆனால் உயர்தரத்தில் ஒரே தடவையில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்த மாணவர்களுக்காக, 2017இல் வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் தொடங்கப்பட்டது. உயர்கல்விக்குப் பொறுப்பான அமைச்சு அழைக்கும்போது விண்ணப்பித்து, திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ள, அரசுக்குச் சொந்தமல்லாத உயர்கல்வி நிறுவனங்களில் குறிப்பிட்ட பட்டப்படிப்பைத் தெரிவு செய்யலாம். வங்கி கடனை வழங்க, வட்டியை அரசு செலுத்துகிறது. படிப்பு முடிந்து சலுகைக் காலமொன்றும் கழிந்த பின் முதலை மாதத் தவணையாக மாணவர் செலுத்த வேண்டும். பொது அறிவுப் பரீட்சைப் புள்ளி, ஆங்கிலச் சித்தி, வயது ஆகியவை தொடர்பான நிபந்தனைகளை உங்கள் ஆண்டின் அறிவித்தலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் சேர்வதற்கு முன் குடும்பமாக உட்கார்ந்து மூன்று விடயங்களைப் பேச வேண்டும். தொடக்கத்தில் 8 இலட்சம் ரூபாவாக இருந்த கடன் எல்லை பின்னர் மாற்றப்பட்டுள்ளது. எந்த எல்லையாக இருந்தாலும், நீங்கள் விரும்பும் பட்டத்தின் முழுக் கட்டணம் அதற்குள் அடங்குகிறதா, மேலதிகத்தை யார் கட்டுவது என்று எழுத்தில் கேளுங்கள். அடுத்தது வாழ்க்கைச் செலவு. இந்நிறுவனங்கள் பல மாலபே, ஹோமாகம போன்ற கொழும்பு மாவட்டப் பகுதிகளில் இருப்பதால், மலையகப் பிள்ளைக்கு அறை வாடகை கட்டாயச் செலவாகிவிடும். கடைசியாகத் தவணை. 8 இலட்சத்தை ஏழு ஆண்டுகளில் அடைப்பதாக வைத்துக்கொண்டால் மாதம் ஏறத்தாழ 9,500 ரூபா. வேலை கிடைத்த பிள்ளைக்கு அது தாங்கக்கூடியதே. படிப்பை இடையில் விட்டால் பட்டமில்லாமல் கடன் மட்டும் எஞ்சும், பிணை வைத்தவர்களையும் வங்கி தேடும். எனவே, பிணைக்கு வரச் சம்மதிக்கும் ஆசிரியரிடமோ உறவினரிடமோ இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

நான் கவனித்தவரை, வெட்டுப்புள்ளிக்கு மிக அருகில் தவறவிட்ட பிள்ளை, கடனெடுத்துத் தனியார் பட்டத்துக்குச் செல்வதற்கு முன், திறந்த பல்கலைக்கழகத்தையும் பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி போன்ற தேசியக் கல்வியியல் கல்லூரிகளையும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். கல்வியியல் கல்லூரியில் தங்குமிடமும் மாதப் படியும் கிடைத்து, பின்னர் ஆசிரியர் நியமனத்துக்கும் வழி உண்டு.

தவிர்க்க வேண்டிய கடன்கள்

வாரத் தவணையில் வசூலிக்கும் நுண்கடன் நிறுவனங்களிடம் பல்கலைக்கழகச் செலவுக்காகக் கடன் வாங்காதீர்கள். வார வருமானம் தரும் சிறு தொழிலுக்கே அக்கடன் ஓரளவு பொருந்தும். நான்கு ஆண்டுகளுக்குப் பின் பலன்தரும் படிப்புக்கு அது பொருந்தாது. ஒன்றை அடைக்க இன்னொன்று என்று போய், தாய்மார் மன உளைச்சலுக்கு ஆளானதை நம் தோட்டங்களில் கண்டிருக்கிறோம். நகை இருந்தால், அரச வங்கியின் அடகுப் பிரிவில், மகாபொல வரும்வரைக்கான குறுகிய காலத்துக்கு மட்டும், மீட்கும் திகதியை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு வைப்பது ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. வங்கிகளின் வட்டிக் கல்விக் கடனை எடுக்க நேர்ந்தால், மாதத் தவணையை மட்டும் கேட்டுவிட்டு வராமல், கடன் முடியும்போது மொத்தமாக எவ்வளவு கட்டியிருப்பீர்கள் என்ற தொகையை அலுவலரிடம் எழுதி வாங்குங்கள். அத்தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து, பெற்றோருக்கு வாசித்துக் காட்டி, அடுத்த நாளுக்குப் பிறகு கையொப்பமிடுங்கள்.